அட்வான்ஸ் கைக்கு வரும்வரை

ராயபுரம் கல்மண்டபத்து மாடி வீட்டை நாங்கள் காலி செய்த அன்று, காலை ஒன்பது மணிக்கு அதற்குள் மிச்சமிருந்தவை: ஒரு கோரைப்பாய், ஓர் அலுமினியக் குண்டான், ஒரு தென்னந்துடைப்பம், நான். எனக்கு ஒன்பது வயது. கழுத்தில் கறுப்புக் கயிற்றில் வீட்டுச் சாவி தொங்கியது. கதவுக்கு மேல் தாழ்ப்பாளும் கீழ்த் தாழ்ப்பாளும் போட்டிருந்தேன். எங்கள் சாமான்களை ஏற்றிய மீன்பாடி வண்டி தெருமுனையில் திரும்பும் சத்தம் கேட்டது. கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே, தம்பியை மடியில் வைத்துக்கொண்டு அம்மா அதில் உட்கார்ந்து போனாள்.

அப்பா ஒரு கன்டெய்னர் யார்டில், வரும் லாரி போகும் லாரிகளைக் குறித்துவைக்கும் வேலையில் இருந்தார். அந்த யார்டு எண்ணூர்ப் பக்கம் மாறிவிட்டது. அதனால் திருவொற்றியூரில் வீடு பார்த்தார்கள். அந்த வீட்டுக்கு அட்வான்ஸ் இருபதாயிரம் கேட்டார்கள். கையில் ஐந்தாயிரம் இருந்தது. மீதிப் பதினைந்தாயிரம் கல்மண்டபத்து வீட்டுக்காரரிடம் இருந்தது. நாங்கள் குடிவந்தபோது கொடுத்த பத்து மாத வாடகை அது. வெள்ளிக்கிழமை இருட்டுவதற்குள் முழுத் தொகையும் வரவில்லையென்றால் சாமான்களைத் தெருவில் எடுத்துவைத்துவிட்டு வேறு ஆளுக்கு விடுவதாகத் திருவொற்றியூர்க்காரர் சொல்லியிருந்தார். அவர் சொன்னதை அப்பா வீட்டில் திருப்பிச் சொன்னபோது குரலைத் தாழ்த்திக்கொண்டார். அப்பா குரலைத் தாழ்த்தினால் விஷயம் பெரியது என்று எனக்குத் தெரியும்.

"காலி பண்ற அன்னிக்கு துட்டு கையில இருக்கும்," என்று வீட்டுக்காரர் இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் கீழ் வீட்டில் குடியிருந்தார். துறைமுகத்தில் சரக்கு தூக்கும் வின்ச் ஓட்டி ஓய்வு பெற்றவர். அந்த இரைச்சலில் முப்பது வருஷம் நின்று அவருக்குக் காது மந்தமாகிவிட்டிருந்தது. ஆகையால் எதைச் சொன்னாலும் கப்பலின் அடித்தளத்தில் நிற்கும் ஆளுக்குச் சொல்வதுபோலவே சொல்வார். "தண்ணி வந்துகீது" என்பதும் "மழ வரும்போல கீது" என்பதும் எனக்கு ஒரே மிரட்டலாகத்தான் கேட்கும். நான் மாடியில் நொண்டி விளையாடினால் கீழிருந்து கம்பால் கூரையைத் தட்டுவார். ஒருமுறை படிக்கட்டுச் சுவரில் கோடு போட்டுக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து சாக்பீஸைப் பிடுங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து அவருடைய கதவைத் தாண்டும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடுவேன்.

அம்மாவின் பயம் வேறு. எங்களுக்கு முன்பு அந்த வீட்டில் குடியிருந்த அக்கா இப்போது மார்க்கெட்டில் மீன் விற்றாள். ஒருநாள் மீன் வாங்கப் போன இடத்தில், நாங்கள் காலி செய்யப்போகிறோம் என்று கேட்டதும் அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

"என் அட்வான்ஸ வாங்க எட்டு மாசம் நடந்தேம்மா. செருப்பு ரெண்டு ஜோடி பூடுச்சி. கடசில செவுரெல்லாம் கரி புடிச்சிகீதுன்னு பாதிய கழிச்சிக்கினாரு. நான் இன்னா ரயில் இஞ்சினா ஓட்டினேன் உள்ள? கரி ஆர்பர்லேர்ந்து வருது!"

"கெட்டவரா அவுரு?" என்று அம்மா கேட்டாள்.

"சேச்சே. நல்ல மனுசன். துட்டு வந்தா செலவு பண்ணிடுவாரு, அவ்ளோதான். சாவிய மட்டும் குடுத்துராத. சாமான் போவட்டும். ஒரு குண்டான், ஒரு தொடப்பம், ஒரு ஆளு உள்ள இருந்தா இன்னும் உன் குடித்தனம்தான். துட்டு எண்ணி முடிக்கிற வரிக்கும் எவனாலயும் ஒண்ணும் பண்ண முடியாது."

அது அந்த வட்டாரத்தில் எழுதப்படாத சட்டம். அம்மா அதை அப்படியே நம்பினாள். அடுத்த மூன்று நாளும் நானும் அம்மாவும் சோப்புத் தண்ணீரால் சுவர்களைத் துடைத்தோம். துறைமுகத்திலிருந்து காற்றில் வரும் நிலக்கரித் தூசு அந்த வீட்டில் எதன்மேலும் படிந்திருக்கும். துணியைப் பிழிந்தால் வாளித் தண்ணீர் மை போலாகும். அப்படியும் காலண்டர் மாட்டியிருந்த இடம் மட்டும் தனி வெள்ளையாகத் தெரிந்தது. அதைப் பார்த்து அம்மா பெருமூச்சு விட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை வண்டி வந்தபோது வீட்டுக்காரர் இல்லை. "வெளிய போய்கிறாரு, வந்துருவாரு," என்றார் அவருடைய மனைவி. அம்மாவால் காத்திருக்க முடியாது. பத்தரைக்கு ராகுகாலம் தொடங்கிவிடும். அதற்குள் புது வீட்டில் பால் காய்ச்ச வேண்டும். அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. தம்பிக்கு ஒன்றரை வயது. உள்ளே உட்காரவைக்க வேறு ஆள் இல்லை.

நான் ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எண் போட்டுக்கொண்டேன். அம்மா சொல்லச் சொல்ல எழுதினேன். ஒன்று, இரண்டு தாழ்ப்பாளும் போட வேண்டும். இரண்டு, அம்மாவோ அப்பாவோ வந்தால்தான் திறக்க வேண்டும். மூன்று, சாவியை யாருக்கும் கொடுக்கக் கூடாது, மாதாவே நேரில் வந்து கேட்டாலும். நான்கு, தெரு ஜன்னலில் எட்டிப் பார்க்கக் கூடாது. ஐந்து, அழக் கூடாது. இன்றைக்கும் ஒரு வேலையை எண் போட்டு எழுதினால்தான் எனக்குக் கை ஓடும். அன்று எழுதிய பட்டியலில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. அந்த வீட்டுக்குக் கக்கூஸ் கீழே, பின்பக்கம். அதைப்பற்றி அம்மாவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சாமான் இல்லாத வீடு வேறு வீடாகிவிடுகிறது. நான் இருமினால் இன்னொருத்தி உள்ளறையில் இருமினாள். பீரோ இருந்த மூலையில் இருந்து ஒரு பல்லி என்னையே பார்த்தது. பாயை நடுக்கூடத்தில் விரித்து, முதுகைச் சுவரோடு ஒட்டவைக்க முடியாது என்று தெரிந்ததும் மூலைக்கு இழுத்துக்கொண்டேன். அப்போதுதான் வகுப்பில் பக்கத்தில் உட்காரும் பெண் சொன்னது நினைவுக்கு வந்தது. துட்டுத் தகராறு வந்தால் வீட்டுக்காரர்கள் உள்ளே இருப்பதை எடுத்துக்கொள்வார்களாம். அவர்கள் வீட்டில் மிக்ஸியை எடுத்துக்கொண்டார்களாம். உள்ளே இருப்பது என்னென்ன என்று நான் சுற்றிலும் பார்த்தேன். பாய் கிழிந்தது. குண்டான் நசுங்கியது. துடைப்பம் தேய்ந்தது. அவற்றில் கொஞ்சமாவது விலை போகக்கூடியது நான்தான்.

ஒரு மணி நேரம் கழித்துக் கீழே அவருடைய குரல் கேட்டது. பிறகு படியில் செருப்புச் சத்தம். பதினான்கு படி. நான் எண்ணினேன்.

"பாப்பா! அம்மா கீதா?"

கழுத்துச் சாவியைக் கைக்குள் பொத்திக்கொண்டேன்.

"அம்மா எங்கடா?"

"வரும்," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவருக்கு எப்படிக் கேட்கும்? கதவைத் தட்டினார். தாழ்ப்பாள்கள் இரண்டும் குதித்தன.

"உள்ள யாரு கீறாங்க? தொற கண்ணு! வூட்ட பாக்கணும்!"

நான் காதைப் பொத்திக்கொண்டேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு இறங்கிப் போனார். பதினான்கு படி.

பன்னிரண்டு மணிக்கு மாதா கோயில் மணி அடித்தபோது இன்னொரு வண்டிச் சத்தம் வந்தது. அம்மா என்று நினைத்து நான்காவது விதியை மீறித் தெரு ஜன்னலுக்கு ஓடினேன். கீழே நின்றது வேறு மீன்பாடி வண்டி. அதில் வேறு கட்டில், வேறு பீரோ, கவிழ்த்துவைத்த வேறு குண்டான்கள். ஒரு பெண் இடுப்பில் சுருக்குப்பை செருகியபடி இறங்கினாள். எங்கள் வீட்டுக்குக் குடிவர வியாசர்பாடியிலிருந்து வந்திருந்தாள். இது எனக்குப் புரிய நேரமானது. எங்கள் வீட்டில் இன்னொருவர் இருக்கப்போகிறார்கள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

கீழே சச்சரவு தொடங்கியது.

"துட்ட குடும்மா, மேல குடுத்தாதான் தொறப்பாங்க," என்றார் வீட்டுக்காரர்.

"தொறந்து வூட்ட காட்டுண்ணா, துட்டு குடுக்கறேன்," என்றாள் அந்தப் பெண்.

"மேல இருக்கறவங்க குடுத்த அட்வான்ஸ் எங்க பூடுச்சி?" என்று அவள் கேட்டதற்கு வீட்டுக்காரரின் மனைவி பதில் சொன்னார்: "அது பொண்ணு பிரசவத்துக்குப் பூடுச்சிம்மா. பெரிய ஆப்பரேசன். நீ குடுத்தாதான் அவங்களுக்குக் குடுக்க முடியும்."

வண்டிக்காரர் நடுவில் புகுந்தார். "எக்கா, நான் ரெண்டு மணிக்கு மீன் ஏத்தப் போவணும். இன்னும் அஞ்சு நிமிசம் பாப்பேன். அப்பால உன் பீரோவ ரோட்ல குந்தவெச்சிட்டு பூடுவேன்."

இவ்வளவையும் கேட்டேன். எல்லாருக்கும் நான் உட்கார்ந்திருக்கும் இடம் வேண்டும் என்பது மட்டும் விளங்கியது.

செருப்புச் சத்தம் மறுபடியும் ஏறியது. இந்த முறை நான் எண்ணி முடிப்பதற்குள் வந்துவிட்டார்.

"தொறடா கண்ணு! வண்டி நிக்குது, மானம் போவுது! தொறக்கலன்னா கதவ ஒடச்சிருவேன் ஆமா!"

"இன்னாத்துக்குப் புள்ளைய மெரட்டற?" என்று கீழிருந்து அவர் மனைவி கத்தினார்.

"நான் எங்கடி மெரட்டினேன்? நல்லாத்தானே சொல்லிகினு கீறேன்!"

அழக் கூடாது என்பது ஐந்தாவது விதி. வாயைப் பாவாடையால் அடைத்துக்கொண்டேன். அடிவயிறு வேறு முட்டிக்கொண்டு நின்றது.

கதவை ஒட்டி, படி முடியும் இடத்தைப் பார்த்தபடி ஒரு கம்பி ஜன்னல் உண்டு. சாத்தியிருந்த அதன் கதவைத் தள்ளிக்கொண்டு அந்தப் பெண்ணின் முகம் வந்தது. வியர்த்திருந்தது. கூடத்தை, உள்ளறையை, கூரையை, கடைசியில் என்னைப் பார்த்தாள்.

"ஒண்டியாவா கீற?" என்றாள். "உங்கம்மா இன்னா சொல்லிட்டுப் போச்சு?"

நான் நோட்டை எடுத்துப் படித்தேன். ஒன்று முதல் ஐந்துவரை. மாதா வந்தாலும் என்ற இடத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"உங்கம்மா நல்ல வெவரம். சரி, துட்டு குடுத்தா வாங்காதன்னு எழுதிகீதா?"

பார்த்தேன். எழுதியிருக்கவில்லை.

"அப்போ வா இங்க."

சுருக்குப்பையை அவிழ்த்தாள். வீட்டுக்காரர் கையை நீட்டினார். "எங்கிட்ட குடும்மா, நான் அவங்களாண்ட குடுக்கறேன்."

"உனுக்கு எதுக்குண்ணா செரமம்? ஜன்னல் இங்கதான கீது." அவள் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. "நீ ஒரு சீட்டு மட்டும் குடு. அட்வான்ஸ் பதினஞ்சாயிரம் வாங்கிகினேன்னு. எனுக்கு எழுத வராது. பாப்பா, நீ எழுது."

ரஃப் நோட்டில் ஒரு தாளைக் கிழித்து அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். 'பெற்றுக்கொண்டேன்' என்பதில் சின்ன 'ர'வா பெரிய 'ற'வா என்று ஒரு கணம் தடுமாறியது நினைவிருக்கிறது. கம்பிக்கு வெளியே கொடுத்தேன். வீட்டுக்காரர் கண்ணாடி இல்லாமல் தாளைத் தள்ளிப் பிடித்துப் படித்தார். சட்டைப்பையில் பேனாவைத் தேடினார். இல்லை. நான் என் பென்சிலை நீட்டினேன். "பென்சில் செல்லாது," என்றாள் அவள். வண்டிக்காரர் பேனா கொண்டுவந்தார். வீட்டுக்காரர் சுவரில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

அதன்பிறகு பணம் உள்ளே வரத் தொடங்கியது. எல்லாம் நூறு ரூபாய் நோட்டு. கட்டுக்கட்டாகக் கம்பி வழியே தள்ளினாள். ஒவ்வொரு கட்டையும் நான் எண்ணினேன். எச்சில் தொட்டு எண்ணக் கூடாது என்று பள்ளியில் சொல்லியிருந்ததால் மெதுவாக எண்ணினேன். இரண்டு தடவை தவறி முதலிலிருந்து தொடங்கினேன். கடைசியில் நூற்றைம்பது நோட்டும் என் குண்டானுக்குள் இருந்தன.

"முடிஞ்சுதா?" என்றாள். "இப்போ சாவிய குடு கண்ணு."

"அம்மா வரணும்," என்றேன்.

முதலில் வண்டிக்காரர்தான் வாயைத் திறந்தார்.

"இன்னாக்கா இது! துட்டும் உள்ள பூடுச்சி, சாவியும் உள்ள கீது. நல்லாத்தான் கீது ஒங்க யாவாரம்!"

அவள் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. பெரியவர் ஒருவர் என்னைப் பார்த்துப் பயந்ததை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அவள் கையைக் கம்பிக்குள் விட்டு என் மணிக்கட்டைப் பிடித்தாள். வலிக்கும்படி இல்லை. உருவிக்கொள்ளும்படியும் இல்லை.

"உங்கம்மா வர்ற வரிக்கும் இத நான் வுடமாட்டேன்," என்றாள். "தப்பா நெனச்சிக்காத. இருக்கறது அவ்ளோதான் எங்களாண்ட."

நான் நினைத்தது சரியாகப் போய்விட்டது. எடுத்துக்கொள்ளப்போவது என்னைத்தான். அம்மா பஸ் கிடைக்காமல் நின்றுகொண்டிருக்கலாம். தம்பிக்குக் காய்ச்சல் வந்திருக்கலாம். இப்படி ஒருத்தியை இங்கே உட்காரவைத்ததையே மறந்திருக்கலாம். காரணங்களை வரிசையாக நினைத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஓர் எண் வந்து உட்கார்ந்தது. அவளுடைய கண்ணாடி வளையல் என் கையில் அழுந்தியது. இருவர் கையும் வியர்த்து வழுக்கின. வழுக்கும்போதெல்லாம் அவள் பிடியை மாற்றிக்கொண்டாள்.

"புள்ள கைய வுடும்மா," என்றார் வீட்டுக்காரர். "நான் இருக்கேன் இல்ல?"

"நீ இருக்கறதாலதாண்ணா புடிச்சிகினு கீறேன்."

வண்டிக்காரர் சத்தமாகச் சிரித்தார். வீட்டுக்காரர் மேல்படியில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். கொஞ்ச நேரம் கழித்து மனைவியைக் கூப்பிட்டு ஒரு டம்ளர் மோர் கொண்டுவரச் சொன்னார். அதை வாங்கி ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு மறுபடி போய் உட்கார்ந்தார். மோர் குடித்தால் என் நிலைமை இன்னும் மோசமாகும் என்பதால் நான் தொடவில்லை. என்னைத் தூங்கவைக்க அதில் ஏதோ கலந்திருக்கிறார் என்றும் ஒரு சந்தேகம் இருந்தது.

அம்மா ஒரு மணிக்குப் பிறகு வந்தாள். தம்பி தோளில் தூங்கிக்கொண்டிருந்தான். படி ஏறி வந்தவள் முதலில் கம்பிக்குள் இருந்த அந்தக் கையைப் பார்த்தாள், பிறகு என்னை, பிறகு படியில் உட்கார்ந்திருந்தவரை. நான் நடந்ததை ஒரே மூச்சில் சொன்னேன். இரண்டு தாழ்ப்பாளையும் திறந்தேன். குண்டானை அம்மாவிடமும் சாவியை அந்தப் பெண்ணிடமும் கொடுத்தேன். எந்தக் கதையிலும் இந்த இடத்தில் பிள்ளை தாயைக் கட்டிக்கொள்ளும். நான் எல்லாரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு கீழே பின்பக்கத்துக்கு ஓடினேன்.

திரும்பி வரும்போது படியின் திருப்பத்தில் அம்மாவும் வீட்டுக்காரரும் நின்றிருந்தார்கள். அம்மாவின் முந்தானையில் முடிச்சு கனத்துத் தொங்கியது. மேலே அந்தப் பெண் பீரோவை எந்த மூலையில் வைப்பது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரர் தணிந்த குரலில் பேசினார். அவருக்கு அப்படி ஒரு குரல் இருப்பது எனக்குத் தெரியாது.

"பதினஞ்சாயிரத்துக்கு என்ன நம்பல. சரி, அது உன் துட்டு. புள்ளைய எப்டிம்மா ஒண்டியா வுட்டுட்டுப் போன?"

"நீங்கதான் கீழ கீறீங்களேண்ணே," என்றாள் அம்மா.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். வெயிலில் உட்கார்ந்திருந்ததால் வியர்த்திருக்கிறது என்று நினைத்தேன். அம்மாவைப் பார்க்காமல் இறங்கிப் போய்த் தன் கதவைச் சாத்திக்கொண்டார். சத்தமே வரவில்லை.

அம்மா மரியாதைக்குச் சொன்ன பொய் அது என்று முடிவு செய்தேன். பெரியவர்கள் சண்டை முடிந்ததும் இப்படி ஏதாவது சொல்லிக்கொள்வார்கள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் கேட்டேன்.

"கதவ ஒடச்சிருந்தா இன்னாமா பண்ணியிருப்ப?"

"யாரு, அவரா?" அம்மா சிரித்தாள். பிறகு முந்தானை முடிச்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பக்கத்தில் நின்றவரிடமிருந்து அதை மறைத்து உட்கார்ந்தாள். திருவொற்றியூர் வரும்வரை அதன்மேலிருந்து கையை எடுக்கவில்லை.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மணிக்கட்டில் வளையல் அழுந்திய தடம் இன்னும் இருந்தது. அந்த மனிதரை நம்பிப் பணத்தை ஒரு மணி நேரம்கூட விடமாட்டாள். என்னை மட்டும் நாலு மணி நேரம் விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால், பணம்தான் பெரிது, நான் சிறிது என்றுதான் அன்று எனக்கு விடை வந்தது.